ஒருத்தரும் இல்லாத கடற்கரை

அக்கா,

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பெயின் நாட்டில், கடலைப் பார்த்தபடி கிடக்கும் ஒரு புனிதக் கல்லுக்கு அடியில் நான் இறுகிப்போனேன். தலையும் தோளும் ஒரு பக்கம், மிச்சமெல்லாம் மற்றப் பக்கம். நடந்து களைத்து வந்த யாத்திரிகர் இருவர் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். பின்னால் நின்று உங்கள் சிநேகிதி கார்மென் தள்ளினார். ஆரோ ஒருத்தி படமும் எடுத்தாள். அவளுடைய நாட்டில் இப்போது நான் பிரபலமாக இருக்கக்கூடும்.

இன்று பாரிஸில், ரூ லூயி-பிளாங்கில், என் வழக்கமான கதிரையில் இருந்து இதை எழுதுகிறேன். இடுப்பில் பூசிய தைலம் அலுவலகம் முழுக்க மணக்கிறது. கொழும்புக்கு விமான ரிக்கெற் போட வந்த ஒரு ஐயா மூக்கைச் சுருக்கிக்கொண்டு, விழுந்துவிட்டேனா என்று கேட்டார். லா சப்பல் மெத்ரோப் படியில் சறுக்கிவிட்டது என்றேன். உண்மையைச் சொன்னால் பின்னேரத்துக்குள் கதை புறநகர் கார்ஜ் லே கொனெஸ் வரைக்கும் போய்விடும். எனக்குத் தெரியாதா? மற்றவர்களுடைய கதைகளை அவ்வளவு தூரம் அனுப்பிவைப்பவளே நான்தானே.

அந்தக் கல்லுக்கு அடியில் என்னை அனுப்பியது நீங்கள். அதற்குக் கீழால் ஒன்பது தரம் தவழ்ந்தால் இடுப்பு நோ பறந்துவிடும் என்று சொன்னீர்கள். தவழ்ந்தீர்களாம், அடுத்த நாள் எழும்பி ஆடினீர்களாம். நீங்கள் ஒல்லிப்பிச்சான் என்பதைக் கதையில் சேர்க்க மறந்துவிட்டீர்கள். நான் இரண்டாம் தரத்திலேயே கல்லுக்குச் சொந்தமாகிவிட்டேன். போகும்போது லேசாக இருந்த நோ, திரும்பி வரும்போது பெட்டியோடு சேர்ந்து வந்தது.

இந்தத் தைல மணத்துக்குள்தான் உங்கள் நினைவு வந்தது. நினைவு என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். வந்தது எரிச்சல்.

எங்கள் கடையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ரிக்கெற் கேட்டு வருபவரிடம் திகதி கேட்பதற்கு முன்னரே, "அங்கை ஆர் இருக்கினம்?" என்று கேட்டுவிடுவேன். ஊர்வம்பு, விடுப்புப் பிடுங்குவதற்காக அல்ல, தொழில் அப்படி. சரி, கொஞ்சம் விடுப்பும்தான். ரொறன்ரோ என்றால் தமக்கை இருப்பா. லண்டன் என்றால் தமையன். சூரிச் என்றால் மச்சாள். யார் இருக்கிறார் என்று தெரிந்தால், பெட்டி எத்தனை கிலோ வரும், எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள், திரும்பி வரும்போது யார் யாரோடு கதையாமல் வருவார்கள் என்பது வரைக்கும் நான் சொல்லிவிடுவேன். உறவுக்காரர் இல்லாத ஊருக்கு நான் ஒருவரையும் அனுப்பியதில்லை. கடல் பார்க்க, மலை பார்க்க என்று போவது வெள்ளைக்காரரின் வேலை. நாங்கள் ஆட்களைப் பார்க்கப் போகிறவர்கள். போன இடத்தில் கடல் இருந்தால், சடங்கு மண்டபத்துக்குப் போகிற வழியில் காருக்குள் இருந்து காட்டுவார்கள்.

நீங்கள் வந்து, சந்தியாகோ என்று ஒரு இடம், ஸ்பெயினின் மேற்கு மூலையில் கலீசியா என்கிற பக்கம், அங்கே போகவேண்டும் என்றீர்கள். நான் வழக்கம்போல் கேட்டேன்.

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பிறகு?"

"அதுக்குத்தானடி போறன்."

என் விரல்கள் கீபோர்ட்டின் மேல் நின்றுவிட்டன. அத்தானும் வருகிறாரா என்று கேட்டேன். அவருக்குச் சோபாவில் கிடந்து கிரிக்கெட் பார்ப்பதுதான் விடுமுறை, அதுதான் வக்கான்ஸ் என்றீர்கள். ஒரு பெண், தனியாக, ஒருவரும் இல்லாத ஊருக்கு, ஒரு சடங்கும் இல்லாமல். கொழும்பு ரிக்கெற்றுக்காக வரிசையில் இருந்த இரண்டு பேர் தங்கள் கதையை நிறுத்திவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினீர்கள்.

உண்மையில் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் உங்களோடு பக்கத்தில் நின்று வருடக்கணக்காகக் கரட் சீவிய கார்மென். ஓய்வு பெற்றதும் கலீசியாவில் தகப்பன் விட்டுப்போன கல்வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, வா என்று உங்களைக் கூப்பிட்டார். அத்தான் அவரைக் 'கார்மேகம்' என்றுதான் சொல்லுவார். அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது எனக்குப் பிற்பாடு நனைந்தபோதுதான் தெரிந்தது.

ரிக்கெற்றை வாங்கிக்கொண்டு கதவில் கையை வைத்தபடி திரும்பி, "நீயும் வாவன்" என்றீர்கள்.

"கண்டறியாத வக்கான்ஸ்" என்றேன். "அந்தக் கிழமை லண்டனிலை மச்சாளின்ரை மகளுக்குச் சாமத்தியச் சடங்கு."

"சரி" என்றுவிட்டுப் போனீர்கள்.

அவ்வளவுதான் அக்கா. அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவே இல்லை. ஒவ்வொரு கோடையும் வந்தீர்கள், ரிக்கெற் போட்டீர்கள், என் மேசையில் இருந்த இனிப்பில் ஒன்றை எடுத்து வாயில் போட்டீர்கள், போனீர்கள். ஒவ்வொரு கோடையும் நீங்கள் கதவடியில் திரும்புவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் திரும்பினீர்கள். குடையை விட்டுவிட்டீர்களாம்.

நீங்கள் முதல் தரம் போன அந்தக் கிழமை நான் லண்டனில் மச்சாளின் வீட்டில், முன்னறையில் விரித்த மெத்தையில், மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கைக்கும் சலவை மெஷினுக்கும் நடுவில் படுத்திருந்தேன். பகலில் மச்சாள் புதிதாகப் போட்ட குசினியைச் சுற்றிக் காட்டினா. அலுமாரிக் கதவுகளைத் தள்ளினால் சத்தமில்லாமல் தானாக மூடும். அதை ஒவ்வொன்றாக மூடிக் காட்டினா. நாங்களும் ஒவ்வொன்றுக்கும் ஆச்சரியப்பட்டோம். அதற்கு நடுவில்தான் உங்கள் அழைப்பு வந்தது.

"எடியே, இஞ்சை சூரியன் கடலுக்கை இறங்குதடி. பித்தளைச் சட்டியைக் கழுவ இறக்கின மாதிரி."

அங்கே இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சூரியன் இறங்குமாம். ஊர்ச்சனம் முழுக்கக் கதிரையைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துச் சுவரடிக்குப் போய்விடுமாம், ஏதோ திருவிழா பார்ப்பது போல. "கேக்குதா அலை?" என்று தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தீர்கள். ஹூ என்று ஒரு இரைச்சல் கேட்டது. பின்னால் மச்சாள் கடைசி அலுமாரியை மூடினா.

அந்தக் கோடை முழுக்க அப்படித்தான். அதற்கு அடுத்த கோடைகளிலும். நான் பாத்திரம் கழுவத் தொடங்கினால் தொலைபேசி அடிக்கும். இரண்டு கையும் நுரை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் நீங்கள். விடிய நீர் வற்றினால் பெண்கள் பூட்சுப் போட்டுக்கொண்டு சேற்றில் மட்டி கிண்டப் போவார்கள், நீங்களும் வாளியோடு போனீர்கள். மத்தியானம் ஒக்டோபஸைச் செப்புக் கிடாரத்தில் அவித்து, கத்தரிக்கோலால் வெட்டி, மரத்தட்டில் போட்டு, எண்ணெயும் சிவப்புத் தூளும் தூவித் தருவார்கள். பின்னேரம் வெளிச்சவீட்டுக்கு நடை. வழியெல்லாம் கிழவிகள் வாசலில் இருந்து ஊசிகளைச் சுற்றி நூலைப் பின்னி லேஸ் செய்வார்கள், சும்மா பார்த்துக்கொண்டு நிற்கலாம். அந்தக் கரைக்கு மரணக் கரை என்று பெயர், எத்தனையோ கப்பல் உடைந்ததாம்; அங்கேதான் நல்லாக நித்திரை வருகிறது என்றீர்கள். கடைசியில் சூரியன். ஒரு நாளும் தவறாது. பித்தளைச் சட்டி, சில நாள் செப்புச் சட்டி, மேகம் இருந்தால் மூடி போட்ட சட்டி.

நான் "ஓம், ஓம்" என்பேன். போனை வைத்ததும் இவரிடம், அவ கூட்டிக் கதைக்கிறா என்பேன். பிறகு அடிப்பிடித்த சட்டி ஒன்றை எடுத்து, தேவைக்கு மேல் தேய்ப்பேன்.

இங்கே கோயில் தேருக்கு முன்னர் திரும்பிவிடுவீர்கள். எல்லாரும் பட்டுடுத்தி வெயிலுக்கு ஒதுங்கி நிற்க, நீங்கள் கறுத்து மினுங்கிக்கொண்டு வந்து நிற்பீர்கள். "என்ன, நல்லாக் கறுத்துப் போனாய்" என்று ஒருத்தி பரிதாபப்பட்டால், "ஓம், காசு குடுத்துக் கறுத்தனான்" என்பீர்கள். உங்களுக்குப் பின்னால் குசுகுசுத்தார்கள். தனியாகப் போகிறாள் என்றால் அங்கே யாரோ இருக்க வேண்டும் என்றார்கள். ரிக்கெற் போட்டவள் நான் என்பதால் என்னிடம் வந்து கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். நான் சொன்ன விதத்தில் அவர்களுக்கு ஏதோ தெரிந்துவிட்டது. அது உங்கள் காதுக்கும் வந்தது. கோபிக்கவில்லை நீங்கள். "மீசை இருக்கெண்டும் சொல்லிவிடு, கதை வடிவாயிருக்கும்" என்றீர்கள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பொறாமைதான். என்னைப் பற்றி ஒருவரும் அப்படி ஒரு கதை கட்டியதில்லை.

பிறகு நோய் வந்தது. அதைப் பற்றி எழுத மாட்டேன். நீங்களும் கதைக்க விடவில்லை. ஆஸ்பத்திரியில் நான் சூப்போடு வந்தால், யார் யாருக்கு ரிக்கெற் போட்டாய் என்று கேட்பீர்கள். நான் சொல்லுவேன். ஒரு தரம் உங்கள் கட்டிலடியில் இருந்து, அந்த ஒரு கேள்வியைக் கேட்க வாயெடுத்தேன். ஏன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை? தாதி ஊசியோடு வந்தா. சூப்பு ஆறிவிடும், குடியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் செத்தவீட்டிலும் எனக்கு நிம்மதி இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் என் இடம் எது என்று நான் முன்னமே பார்த்து வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் அங்கே கட்டையாக, கறுப்புக் கோட்டோடு ஒரு வெள்ளைக்காரி நின்று, என்னைவிடப் பெரிதாக அழுதுகொண்டிருக்கிறா. கார்மென். இரவு முழுக்க பஸ்ஸில் வந்தாராம். அத்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். நானும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன். அவருடைய குரலுக்குக் கிட்டவும் போக முடியவில்லை. கடலில் போன ஆட்களைக் கரையில் நின்று கூப்பிட்டுப் பழகிய குரல். எல்லாம் முடிந்து வெளியே குளிரில் நின்றபோது அவர் என் கையைப் பிடித்து, பிரெஞ்சில், "நீதானே அந்த ரிக்கெற்காரி? ஜூலையில் அறை சும்மா இருக்கிறது" என்றார். வருகிறேன் என்றேன். துக்கத்தில் சொன்னேன் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். வஞ்சத்தில் சொன்னேன். அப்படி என்னதான் அங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று வந்து சொல்ல வேண்டும். யாருக்குச் சொல்வது என்று அப்போது யோசிக்கவில்லை.

வீட்டில் சொன்னபோது இவர் பத்திரிகையைத் தாழ்த்தினார். "அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை" என்றேன்.

அந்தப் பதில் சொல்லும்போது வாய்க்கு எவ்வளவு ருசியாக இருக்கிறது என்பதை நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லை.

போனேன். மழை. நீங்கள் எனக்குச் சொன்ன கலீசியாவில் ஒரு சொட்டு மழைகூடக் கிடையாது. நான் போன கலீசியாவில் மழை விமான நிலையத்துக்கே வந்து கூட்டிக்கொண்டு போனது. சந்தியாகோ கோயிலுக்குக் குடையோடு போய், நம் ஊர்க் கத்தோலிக்கர் யாகப்பர் என்று கும்பிடுகிற அந்தப் புனிதரிடம், அக்கா பொய் சொல்லியிருக்கிறா, நன்றி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

கார்மெனின் வளவுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் ஒரு சின்னக் கற்கட்டடம். கல் தூண்களில் உயரத் தூக்கி வைத்தது, ஓடு போட்ட கூரை, உச்சியில் ஒரு சிலுவை. வீட்டுக் காவல் தெய்வத்துக்குச் சின்னக் கோயில் வைத்திருக்கிறார்கள், நம் வைரவர் போல என்று நினைத்தேன். மழையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கையைக் கூப்பி, உங்களுக்காக ஒரு சுற்றும் சுற்றினேன். கார்மென் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே சோளப்பொத்தியும் ஒரு பழைய சைக்கிளும். எலி ஏறாமல் தானியம் வைக்கிற இடமாம். ஏன் வெறுங்காலோடு நிற்கிறாய் என்று கேட்டார். கால் உளைவு என்றேன்.

அடுத்த நாள் ஒக்டோபஸ் கடை. ரப்பர் மாதிரி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் வாயில் வைத்தேன். வெண்ணெய் மாதிரி இருந்தது. சனியன். சரி, உறைப்புப் போதாது என்றாவது சொல்லுவோம் என்று, கைப்பையில் கொண்டுபோன தூள் பொட்டலத்தைத் தேடினேன். அதற்குள் கடைக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் சுவர்த் தட்டிலிருந்து ஒரு போத்தலை எடுத்து வந்து எனக்கு முன்னால் வைத்தா. அந்தக் கருஞ்சிவப்பு, அந்தப் பெருஞ்சீரக மணம். நீங்கள் வறுத்து அரைக்கிற தூள். வருடாவருடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்கள். கார்மென் சொன்னார், இப்போது ஊரில் பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்களாம், முடிந்தால் என்ன செய்வது என்று கடைக்காரி கவலைப்படுகிறாவாம்.

ஒருத்தரும் இல்லாத இடத்துக்குப் போகிறேன் என்று என்னிடம் ரிக்கெற் வாங்கிக்கொண்டு போய், ஒரு ஊரையே உறவு பிடித்து வைத்திருக்கிறீர்கள். மட்டி கிண்டுகிற பெண்கள் உங்கள் வாளியை எனக்குத் தந்தார்கள். லேஸ் பின்னுகிற கிழவி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, நீ அவளைவிடக் கொழுப்பு என்றா. எல்லாரிடமும் உங்களைப் பற்றி ஒரு கதை இருந்தது. இத்தனை வருடம் உங்களோடு கதைத்த எனக்கு அதில் பாதி தெரியாது. வயிறு எரிந்தது அக்கா. அந்த எரிச்சலில் இரண்டாவது தட்டும் சாப்பிட்டேன்.

கல்லைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

ஒரு பின்னேரம் வானம் வெளித்தது. ஊர்ச்சனம் கதிரையைத் தூக்கிக்கொண்டு கீழே போனது. நானும் போய்த் துறைமுகத்துச் சுவரில் இருந்தேன். சூரியன் இறங்கியது. வேறு ஏதாவது ஒன்றைப் போல இருக்கிறதா என்று கடைசிவரை பார்த்தேன். பித்தளைச் சட்டியைக் கழுவ இறக்கின மாதிரியேதான் இருந்தது. பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. கார்மென் அதில் தன் கைப்பையை வைத்தார்.

பாரிஸுக்கு வந்து, அத்தானிடம் கார்மென் தந்துவிட்ட சிப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு, "எப்பிடி இடம்?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். அதற்கு மேல் உங்களைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. அவர் சிப்பியைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, நீயே வைத்திரு என்று திருப்பித் தந்தார். இப்போது அது என் மேசையில், இனிப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரிக்கெற் போட வருபவர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள், யார் தந்தது என்று கேட்கிறார்கள். அங்கை ஒரு அக்கா இருக்கிறா என்கிறேன். பாத்திரம் கழுவுகிற நேரத்தில் இப்போதும் என் வலத்தோள் தானாகக் காதடிக்கு உயர்கிறது. இடுப்பு நோவுக்குத் தைலம் இருக்கிறது. இதற்கு இல்லை.

ஒன்றை மட்டும் அத்தானிடம் சொல்லவில்லை. அந்தப் பின்னேரம், சூரியன் பாதி இறங்கியிருந்தபோது, எனக்கு லண்டன் மச்சாளை அழைக்க ஆசை வந்தது. அவவும் கொஞ்சம் எரியட்டுமே. தொலைபேசியை எடுத்தால் சிக்னல் ஒரு கோடும் இல்லை. கார்மென் சிரித்தார். இந்தக் குடாவுக்குள் ஒரு இடத்திலும் எடுக்காதாம், வீட்டிலும் இல்லையாம். மேலே, மாதா கோயிலுக்குப் பின்னால் மீன் கடையின் குளிரறைச் சுவரோடு ஒரு வாங்கில், மரப் பெஞ்சு, இருக்கிறது, அங்கே மட்டும்தான் எடுக்கும் என்றார். "உன் அக்கா எல்லாப் பின்னேரமும் அங்கேதான். நாங்கள் கதிரையோடு இறங்குவோம், அவள் ஏறுவாள். மழையென்றால் குடையோடு ஏறுவாள்."

ஏறிப்போய் இருந்து பார்த்தேன். தலைக்கு மேல் குளிரறையின் காற்றாடி ஹூ என்று இரைந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு டிராக்டர் கொட்டிலின் தகரக் கதவு. அந்த வாங்கிலிலிருந்து கடல் தெரியாது.